ஃபேன் இல்லாத அறை

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. பேலன்ஸ் ரூம் என்போம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தராசுகள் இருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே முள் ஆடிவிடும் என்பதால் அந்த அறைக்கு ஃபேன் கிடையாது, ஜன்னலையும் திறப்பதில்லை. புதுச்சேரி வெயிலில் பத்து நிமிடம் அங்கே நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இருபது வருடமாக அந்த ஆய்வகத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்த அறையை விரும்பிக் கேட்டு வாங்கிய ஆள் ஒருவர்தான்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்பதற்காகக் கல்வித்துறையிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அனுப்பி வைத்தார்கள். கவுன்சிலர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் வாட்ச்மேன் வார்டு கவுன்சிலர் என்று நினைத்து எழுந்து நின்று, தன் தெருக் குழாயில் தண்ணீர் வராத கதையை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார். அவரும் வெயிலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் அந்த கவுன்சிலர் இல்லண்ணே. ஆனா நீங்க சொன்னத கேட்டுக்கிட்டேன்" என்றாராம். வாட்ச்மேன் இதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் அவருக்கு சோபா போட்ட, இரண்டு ஃபேன் ஓடுகிற பார்வையாளர் அறையைக் காட்டினார். வேண்டாம் என்றுவிட்டுப் பள்ளி முழுவதும் சுற்றிப் பார்த்து, கடைசியில் என் பேலன்ஸ் ரூமில் வந்து நின்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மேடம், இது வேத்து வடியற ரூம். மனசு சரியில்லாத புள்ளைங்கள இங்க கொண்டாந்து வேற வேக வைக்கணுமா?" என்றேன்.

"வேர்க்கட்டும் சார். பதினாறு வயசுப் புள்ளைங்களுக்கு அழறதுக்கு வெட்கம். இங்கருந்து வெளிய போனா, வேர்வைன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

சாவியைக் கொடுத்தேன். தராசைத் தொடக்கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லி வைத்தேன். அதையும் அவர் கேட்கவில்லை.

அவர் கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச் இருக்கும். அவருடைய அப்பாவின் வாட்ச். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். "சொல்தா வூட்டுப் பொண்ணு, அதான் மணிய மணியப் பாக்குது" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் வாட்சைக் கழற்றி, பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி மேஜைமேல் வைப்பார். "மூணரை வரைக்கும் இங்கதான் இருப்பேன். பேசணும்னு ஒண்ணும் இல்ல" என்பார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். சில பிள்ளைகள் ஒரு மணி நேரமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகும். அவரும் சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்றரைக்கு எழுந்து, "வெள்ளிக்கிழமை ரெண்டரைக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு அவருடைய பழைய ஸ்கூட்டி கேட்டுக்குள் நுழையும். அதைப் பார்த்து நான் ஆய்வகக் கடிகாரத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன்.

அழுகிற பிள்ளைக்குக் கைக்குட்டை கொடுக்கமாட்டார். ஒருநாள் மனசு கேட்காமல் நானே என் கைக்குட்டையை நீட்டப்போனேன். கண்ணாலேயே தடுத்துவிட்டார். பிறகு வெளியே வந்து, "கர்சீப் குடுத்தா, போதும் நிறுத்துன்னு அர்த்தம் சார்" என்றார். தோளைத் தட்டுவது, தலையைத் தடவுவது எதுவும் கிடையாது. பார்ப்பதற்குக் கல்நெஞ்சுக்காரி போலத்தான் இருக்கும். நாங்களெல்லாம் வாயைத் திறந்தால் 'சரியாயிடும்' என்போம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "சரியாயிடுமான்னு எனக்குத் தெரியாது. மூணரை வரைக்கும் இருப்பேன். அது தெரியும்" என்பார்.

வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். கூடப் படித்தவன் கடலில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. இவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன். ஆம்பளப் பையன் அழலாமா என்று ஊரே அவன் வாயை அடைத்து அனுப்பியிருந்தது. மூன்றாவது வாரமோ என்னவோ, பேலன்ஸ் ரூமிலிருந்து வெளியே வந்து என் முன்னால் நின்றான். அவன் கையில் வெள்ளிக் காப்பு ஒன்று இருந்தது. செத்துப்போன பையனுடையது. "இருபத்தேழு கிராம் சார்" என்றான். தராசைத் தொட்டதற்குத் திட்ட வாயெடுத்தவன், அப்படியே நின்றேன். இடுக்கியால் எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, முள் நிற்கிற வரை காத்திருந்து, அந்தப் பையன் அதை நிறுத்துப் பார்த்திருக்கிறான். எதற்கு என்று அவரிடம் கேட்டேன். "தெரியல சார். அவனுக்கு நிறுத்துப் பாக்கணும்னு தோணிச்சு" என்றார்.

இப்படியெல்லாம் இருந்தும், முதல் இரண்டு மாதம் நான் அவர் கண்ணில் படாமல்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் எங்கள் பள்ளிக்கு வந்ததே என் வகுப்புப் பெண் ஒருத்திக்காக. அவளுக்கு நான் செய்தது எனக்குத்தான் தெரியும்.

ஜெனிட்டா என்று பெயர். வீடு மூலக்குளம். அப்பா ஆட்டோ ஓட்டினார். பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் வேதியியல் பரீட்சை அன்று காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தது அவளுக்குத் தெரிந்தது. அழ ஆரம்பித்துவிட்டாள். "தோ போயி எடுத்தாந்துடறேன். ஒம்பதே முக்காலுக்கு இங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய், ஹால் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தவர், வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது.

ஒன்பது நாற்பதுக்கு அவளுடைய சித்தப்பா அந்த ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே, அவள் கண்ணில் படாமல் சுவரோரமாக நின்றபடி, "சார், பரீட்ச முடியட்டும் சார். அண்ணன் உசுரே அவ படிப்புலதான் இருந்துச்சு. ஒரு வருசம் வீணாயிடக் கூடாது சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டரும் அதையே சொன்னார். நம் ஊரில் இது புதிதில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் சாவுச் செய்தியைச் சொல்லமாட்டோம். பெற்றவர்கள் போனாலும் மூன்று மணி நேரம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைப்போம். நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் செய்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹால் டிக்கெட் இரண்டாக மடிந்து, ஒரு மூலையில் வியர்வை ஈரத்தோடு இருந்தது. அதை அவளிடம் கொடுத்தேன்.

"அப்பா எங்க சார்?"

"சவாரி கெடைச்சுதாம். குடுத்துட்டுப் போயிட்டாரு. மத்தியானம் வருவாரு, நீ போய் எழுது."

அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒம்பதே முக்கால்னு சொன்னாரு. அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டாரு பாருங்க சார்" என்றாள்.

மத்தியானம் வெளியே வந்ததும் வினாத்தாளோடு நேராக என்னிடம்தான் ஓடிவந்தாள். ஒரு மார்க் கேள்விகளில் இரண்டுதான் தப்பு என்று விரல் வைத்துக் காட்டினாள். பிறகு கேட்டுக்குப் போய் அப்பாவின் ஆட்டோவைத் தேடினாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு மூன்றரை மணி நேரம் தாங்கியது.

ஜூனில் பிளஸ் டூவுக்குத் திரும்பி வந்தாள். என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். மற்றவர்களிடமும் கேட்டதற்கு மட்டும் பதில். ஆனால் தினமும் காலை ஒன்பது நாற்பதுக்கு, எந்த வகுப்பு நடந்தாலும், எழுந்து போய்க் கேட்டருகில் நிற்பாள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவாள். திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், மாதா கோயிலில் மந்திரித்துக்கூடப் பார்த்தார்கள். பெரியவர்கள் என்ன சொன்னாலும் அவள் முகத்தில் ஒன்றும் அசையாது. எங்களில் யாருடைய வாயையும் நம்புவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. கவுன்சிலர் வந்தபிறகும், பேலன்ஸ் ரூமில் அவர் எதிரே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள்.

ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் கவுன்சிலர் எழுந்து, "புள்ளைங்ககிட்ட பேசும்போது தவறிட்டாரு, போயிட்டாரு, சாமிகிட்ட இருக்காருன்னு சொல்லாதீங்க. இறந்துட்டாருன்னு சொல்லுங்க" என்றார். அபசகுனமாகப் பேசுகிறாளே என்று ஸ்டாஃப் ரூமில் முணுமுணுத்தார்கள். "பெரியவங்களுக்கு அது மரியாதை. போயிட்டாருன்னா, புள்ளைங்க திரும்பி வருவாருன்னு கேட்ல போய் நிக்கும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்தார். "அன்னிக்கு ஹால் டிக்கெட்ட குடுத்தது நீங்கதானே சார்? என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

சொன்னேன். 'நீங்க வேற என்ன பண்ண முடியும்?' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அந்த ஒரு வரிக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கைக்குட்டை நீட்டவில்லை. "இத அவகிட்ட நீங்கதான் சொல்லணும். உங்களுக்காக நான் சொல்ல முடியாது" என்றார்.

"சொல்றேன் மேடம்" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாவி வாங்க வரும்போது, "சொன்னீங்களா?" என்று கேட்பார். நான் மென்று முழுங்குவேன். அவரும் வற்புறுத்தமாட்டார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்காமல் இருக்கவும் மாட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒருநாள் லீவு போட்டவன் நான்.

நவம்பரில் புயல் மழை. செவ்வாய்க்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆய்வகத்தில் தண்ணீர் ஏறும் என்பதால் கீழ்த்தட்டு பாட்டில்களை மேலே ஏற்றி வைக்க ஆசிரியர்களில் நான் மட்டும் வந்திருந்தேன். இரண்டரைக்கு ஸ்கூட்டி சத்தம். ரெயின்கோட் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"மேடம், இன்னிக்கு லீவு."

"தெரியும் சார். செவ்வாக்கிழமை வருவேன்னு சொல்லிட்டேன். மழை பெஞ்சா வரமாட்டேன்னு சொல்லல. அது என் தப்பு."

பேலன்ஸ் ரூமில் போய்த் தனியாக உட்கார்ந்தார். வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். இந்த அம்மாளுக்குத்தான் யாராவது ஆலோசனை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெனிட்டா வந்தாள். குடை இல்லை. மூலக்குளத்திலிருந்து அந்த மழையில் நடந்தே வந்திருக்கிறாள். அறை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள், வாட்சைப் பார்த்தாள்.

"வந்திருக்கீங்க" என்றாள்.

"ரெண்டரைக்கே வந்துட்டேன்மா."

உள்ளே போய் உட்கார்ந்தாள். உடைந்துபோய் அழுதாள். அப்பாவை அடக்கம் செய்த அன்று கூட அழாதவள் என்று அவள் சித்தப்பா சொல்லியிருந்தார். "ஒம்பதே முக்கால்னு சொன்னாரு மிஸ், ஒம்பதே முக்கால்னு சொன்னாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் கையில் பாட்டிலோடு நான் நின்றேன். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடி வரவில்லை.

மூன்றரைக்கு அவர் எழுந்துவிட்டார். அவள் இன்னும் அழுது முடிக்கவில்லை. எனக்குக் கோபமே வந்தது. வராந்தாவில் மறித்து, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாத்தான் என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"நாலு மணி வரைக்கும் இருந்தா, அடுத்த வாரம் நான் மூணரைன்னு சொல்றத அவ எப்படி சார் நம்புவா?" என்றார். ஆனால் ஸ்கூட்டியை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் நிறுத்திவிட்டு, அவள் ஷேர் ஆட்டோ ஏறுகிற வரைக்கும் நனைந்துகொண்டு நின்றாராம். வாட்ச்மேன்தான் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு ஜெனிட்டா கேட்டருகே போய் நிற்பதை விட்டுவிட்டாள். அவரும் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது நாளும் நேரமும் சொல்வதோடு விலக்குகளையும் சேர்த்துச் சொல்வார். "செவ்வாக்கிழமை ரெண்டரைக்கு வருவேன். புயல் அடிச்சு ரோடு அடைச்சா வரமாட்டேன். ஸ்கூட்டி பஞ்சரானா நடந்து வருவேன், அரை மணி லேட்டாகும். காய்ச்சல் வந்தா சாருக்கு போன் பண்ணுவேன்." பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இதைக் கேட்டு ஜெனிட்டா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "வேற எதுக்கு வரமாட்டீங்க மிஸ்?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "செத்துட்டா வரமாட்டேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பியூரெட் குழாய்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டே காலுக்கு சிஸ்டர் என்னை ஆபீசுக்கு அழைத்தார். கண்கள் சிவந்திருந்தன. மேடம் முந்தின நாள் காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். தனியாக இருந்தவர், அக்கம்பக்கத்தார் கதவை உடைத்துப் பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. சாவியைக் கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், நாளைக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். அடுத்து பப்ளிக் எக்ஸாம். அந்தப் பொண்ணு தாங்காது. மார்ச் முடியட்டும்" என்றார் சிஸ்டர். "ஏதோ மீட்டிங்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவா." அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே அழுதார்.

ஆபீசிலிருந்து ஆய்வகம் வரைக்கும் நடந்தேன். மீட்டிங், மீட்டிங் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபமான வார்த்தை அது. இன்று சாவி வாங்க வந்திருந்தால் "சொன்னீங்களா?" என்று கேட்டிருப்பார். இனி கேட்க ஆளில்லை. நான் தப்பித்துவிட்டேன். அப்படித் தோன்றியதும் நடையை எட்டிப் போட்டேன்.

ஜெனிட்டா பேலன்ஸ் ரூமில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவள் கண் ஆய்வகக் கடிகாரத்தின் மேல் இருந்தது.

"ரெண்டு முப்பத்தி நாலு சார். புயல் இல்ல" என்றாள். "பஞ்சரா இருக்குமா? உங்களுக்கு போன் பண்ணாங்களா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேறு எதற்கு வரமாட்டேன் என்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். "மிஸ் இறந்துட்டாங்கம்மா" என்றேன். "நேத்து காலையில. இப்பதான் எனக்குத் தெரியும். நாளைக்குப் பரீட்ச, உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதோடு சேர்ந்ததுதான் அதுவும். இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன். "உங்கப்பா இறந்ததும் எனக்கு அன்னிக்கே தெரியும். ஒம்பது நாப்பதுக்கு ஹால் டிக்கெட்ட குடுத்தப்பவே தெரியும். சவாரின்னு சொன்னது பொய்."

"தெரியும் சார்" என்றாள். குரல் மிகவும் சின்னதாக வந்தது. "சித்தப்பா அன்னிக்கு சாயங்காலமே சொல்லிடுச்சு. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துனு இருந்தேன்."

பதினோரு மாதம். பெயர் கூப்பிடும்போதும், பரிசோதனை நோட்டில் கையெழுத்து வாங்கும்போதும், பியூரெட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நான் திட்டும்போதும், அந்தப் பெண் அதற்காகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"நீங்க எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க சார்?"

"மூணரை வரைக்கும்" என்றேன்.

அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் கைக்குட்டையைத் தேடிப் போயிற்று. எடுக்கவில்லை. எனக்கும் வழிந்துகொண்டிருந்தது, அதையும் துடைக்கவில்லை. அடைத்த அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை தலையை நிமிர்த்தி, "மிஸ்ஸுக்கு வலிச்சிருக்குமா சார்?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஆய்வக உதவியாளர் பிராக்டிகலுக்கான லிஸ்டை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னா சார் இது, ரெண்டு பேருக்கும் மூஞ்செல்லாம் இப்படி ஊத்துது?"

ஜெனிட்டாதான் புறங்கையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டு பதில் சொன்னாள்.

"வேர்வைண்ணா. இங்க ஃபேன் இல்ல."

அவர் லிஸ்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அப்போது மணி மூன்று பத்து. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.